ஏழாம் எண் காரில் ஒரு காயம்

அத்தியாயம் 9

பன்னிரண்டு கார்கள். பன்னிரண்டும் சிங்கப்பூரில் ஒரே பட்டறையில், ஒரே அச்சில் வார்த்தவை; ஒரே தட்டில் வெந்த இட்லிகள் மாதிரி. ஒவ்வொன்றிலும் ஒருவர்தான் உட்காரலாம், அவரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். எஞ்சினுக்கு ஈய முத்திரை. டயருக்குச் சீட்டுக் குலுக்கல். தோற்றவன் காரைத் திட்ட வழியே கிடையாது.

'கிந்தா பிஸ்கட் கோப்பை' என்ற 1979-ஆம் வருடப் பந்தயத் தொடருக்கு இருந்த ஒரே அழகு அதுதான். சில பெரிய மனிதர்களுக்கு வயிற்றெரிச்சலும் அதுதான். மற்ற பந்தயங்களில் காசைக் கொட்டி வேகத்தை வாங்கலாம். இங்கே மகனின் திறமையை ஊரே பார்த்துவிடுகிறது.

அந்த ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை ஆறாவது பந்தயம், அதுவே கடைசி. சிம்பாங் பூலாயிலிருந்து மூன்று மைலில் டன்மோர் ரப்பர் தோட்டம். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபின் மிஞ்சிய தார்ச்சாலைகளை இணைத்துப் பாதை போட்டிருந்தார்கள். புகைக்கூடத்து வளைவு, கிராணி வீட்டு வளைவு, கோயில் வளைவு. ஒரு காலத்தில் விடியுமுன் பேர்ப்பதிவுப் பெரட்டுக்கு வரிசையாக ஆள் நின்ற இடத்தில் இப்போது கொடியசைக்கிறார்கள். அன்று நின்றவர்களின் பிள்ளைகள் இன்று வேலிக்கு வெளியே டிக்கெட் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். இதற்குப் பெயர் முன்னேற்றம்.

நானும் மங்களம் அக்காவும் அங்கே போய் இறங்கியபோது மணி பன்னிரண்டரை. துப்பறிவது அவர். நான் சீனி, அவருக்கு உதவியாள். கார் ஓட்டுவேன், கோப்பி வாங்குவேன், அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பேன். மூன்றாவதில் இன்னும் தேர்ச்சி போதாது.

போன் செய்து கூப்பிட்டவன் ஜெயபாலன், என் கூட்டாளி. வாரநாட்களில் ஈப்போவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் நான்காம் எண் காரை ஓட்டினான். நாற்பத்தொரு புள்ளிகளுடன் தொடரில் முதலிடம்.

“மச்சான், ஆம்புரோஸ புடிச்சு வெச்சுட்டாங்க,” என்றான், எங்கள் கார் நிற்பதற்குள்.

ஆம்புரோஸ் அவனுடைய மெக்கானிக். காலையில் ஒத்திகை ஓட்டத்தின்போது ஏழாம் எண் காரின் தண்ணீர்க் குழாய் புகைக்கூடத்து வளைவில் பிளந்து, கார் லாலாங் புல்லுக்குள் போய் நின்றிருக்கிறது. ஓட்டியவனுக்குக் கீறல் கூட இல்லை. கழற்றிப் பார்த்தால் ரப்பர் குழாயில் சரிவாக ஒரு கத்தி வெட்டு, பால்மரம் வெட்டுவது மாதிரி. மெக்கானிக் பெட்டிகளைச் சோதனை போட்டதில் ஆம்புரோஸ் பெட்டியில் ஒரு பால்வெட்டுக் கத்தி. ஆம்புரோஸின் அம்மா ஐவி இதே தோட்டத்தில் மரம் வெட்டியவர். அவனும் நான்கு வருடம் வெட்டியிருக்கிறான். கேஸ் முடிந்தது என்றார்கள்.

“பத்தொன்பதாவது ரூல்,” என்றான் ஜெயபாலன். “அடுத்தவன் கார்ல கை வெச்சா டீமுக்கு சீசன் பாயிண்ட் மொத்தமும் போச்சு. என் பாயிண்ட் போனா போவுது லா. ஜெயிக்கிற காரோட மெக்கானிக்குக்கு சிங்கப்பூர் பட்டறையில வேலை தர்றாங்க. அவன் ஒரு வருஷமா அதுக்குத்தான் தூங்காம கெடந்தான். இப்ப எந்த வொர்க்‌ஷாப்பும் அவன உள்ள விடாது. மூணு மணிக்கு கமிட்டி மீட்டிங்.”

“ஏழாம் நம்பர் யாரோட கார்?” என்றார் அக்கா.

“ரெஜினால்ட். லூயிஸ் துரை மவன். முப்பத்தெட்டு பாயிண்ட். ரெண்டாவது.”

“பெட்டிய தொறந்தது?”

“லூயிஸ் துரைதான். கிளப் செக்ரட்டரி.”

“எத்தனாவது பெட்டியில கெடைச்சுது?”

ஜெயபாலன் விழித்தான். “மொதப் பெட்டியிலேயே கா.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். தேர்ச்சி கூடி வருகிறது.

லூயிஸ் துரை பழைய பால் ஸ்டோரின் வாசலில் எங்களை வழிமறித்தார். வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போனபின் அவர்கள் விட்டுச்சென்ற நாற்காலியோடு, முழங்கால் வரைக்குமான வெள்ளைக் காலுறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர். இருபத்திரண்டு வருடம் இந்தத் தோட்டத்தின் சின்னத் துரை. தோட்டம் போய்விட்டது, துரை மட்டும் மிச்சம்.

“நீங்கதான் அந்த டிடெக்டிவ் அம்மாவா? ஆள் கெடைச்சாச்சு, கத்தி கெடைச்சாச்சு. இன்னும் என்ன துப்பறியப் போறீங்க, மத்தியானச் சாப்பாடு எங்கேன்னா?”

“அதையும் கண்டுபிடிக்கணுங்க. சீனி பசி தாங்க மாட்டான். மொதல்ல கத்தியக் காட்டுங்க.”

“பாருங்க, நல்லா பாருங்க. பாத்துட்டு கெளம்புங்க. மரம் வெட்டுறவன் கையில ஸ்பானர குடுத்தா இப்படித்தான் லா ஆகும். ரத்தத்துல இருக்குது. மூணு மணிக்கு மீட்டிங் முடியட்டும், நாலு மணிக்கு போலீஸ். நானே போன் போடுறேன்.”

கத்தியும் குழாயும் வைத்திருந்த மேசையின் ஓரத்தில் அவருடைய மகன் ரெஜினால்ட் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்துநாலு வயது. அப்பா பேசும்போது தரையைப் பார்ப்பான், அப்பா பேசி முடித்தாலும் தரையைத்தான் பார்ப்பான். அப்பா வாங்கிக் கொடுத்த சட்டை, அப்பா வாங்கிக் கொடுத்த கார், அப்பா சீவிவிட்டது போலவே ஒரு வகிடு. இவனுக்காக இரக்கப்பட நான் தயாராக இல்லை.

அக்கா குழாயை எடுத்தார். முழங்கை நீளம், மணிக்கட்டுப் பருமன். சரிவான வெட்டு பாதிச் சுற்றுக்கு ஓடியது. ஓரமெல்லாம் பிசிறு. பிறகு பக்கத்தில் நின்ற ஏழாம் எண் காரின் பின்பக்கம் குனிந்தார்.

“இந்தக் குழாய்க்கு ரெண்டு விரல் தள்ளிப் போறது என்ன, ஜெயா?”

“பிரேக் பைப் கா.”

“ம்,” என்றார். அவ்வளவுதான்.

அடுத்தது கத்தி. மூக்கு வளைந்த, கைப்பிடி குட்டையான பால்வெட்டுக் கத்தி. அக்கா என் முழங்கையைப் பிடித்து, எச்சரிக்கை ஏதும் இல்லாமல், கத்தியை என் கைமுடிமீது இழுத்தார். ஒரு முடி விழவில்லை. எனக்கு நிம்மதி. அவருக்கு அதைவிட நிம்மதி போலிருக்கிறது, சிரித்தார்.

கொண்டை ஊசியால் கத்தி மூக்கின் வளைவைச் சுரண்டினார். வெள்ளையாகக் கொஞ்சம் பொடி. என் மூக்கருகே நீட்டினார்.

“என்ன வாசனை?”

“தெரிஞ்ச வாசனைதான்... குத்துவிளக்கு தேய்ச்ச வாசனை கா.”

“பித்தளை பாலிஷ்.” குரலைத் தாழ்த்தினார். “மரம் வெட்டுறவன் கத்திய சாணை புடிப்பான். பாலிஷ் போட மாட்டான்.”

* * *

ஆம்புரோஸ் ஸ்டோருக்குப் பின்னால், எப்போதோ பால் வெட்டி முடித்து விட்டுவிட்ட ஒரு கிழட்டுக் கித்தா ரப்பர் மரத்தடியில் இருந்தான். காவலுக்கு ஜாகா வேலை பார்க்கும் ஐயாவு. ஐயாவு ஒரு காலத்தில் இந்தத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த மண்டோர். கைதிக்குத் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்து, அவன் தின்கிறானா என்று முறைத்துக்கொண்டிருந்தார். காவல் அந்த மட்டில் கடுமையாக இருந்தது.

ஆம்புரோஸ் மடியில் ஒரு தாள். லூயிஸ் துரையின் கையெழுத்தில், ஆங்கிலத்தில், ஆம்புரோஸ் செய்ததாக ஆம்புரோஸே சொல்வது போல எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். எவ்வளவு பெருந்தன்மை!

“சைன் பண்ணா போலீஸ் வேணான்னு சொல்லிடுறேன்னாரு கா. சைன் பண்ணிட்டா ஜெயா அண்ணன் பாயிண்ட விட்டுருவாங்களா?”

“விட மாட்டாங்க. உன்னையும் விட மாட்டாங்க. மூணு மணி வரைக்கும் பேனாவ தொடாதே. உன் கத்தியா அது?”

ஆம்புரோஸுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. “எங்கம்மா கத்தி வீட்ல இருக்கு கா. தீட்டித் தீட்டித் தேஞ்சு கோழி எலும்பு மாதிரி ஆயிருச்சு. இது கத்தியா? இத வெச்சு கேக்கு கூட வெட்ட முடியாது.”

அக்கா ஐயாவு பக்கம் திரும்பினார். “அண்ணே, இந்தக் கூட்டத்துல யாரு வீட்டுல பால்வெட்டுக் கத்திய அழகுக்கு மாட்டி வெச்சிருக்காங்க?”

ஐயாவு யோசிக்கவில்லை. “பெரிய துரை சீமைக்குப் போறப்ப ஞாபகார்த்தமா சின்னத் துரைக்கு ஒண்ணு குடுத்தாரு. மேடை போட்டு, கைதட்டச் சொல்லிக் குடுத்தாரு. ஹால்ல மாட்டியிருக்குறதா பேச்சு. நான் பாத்ததில்ல. எங்களுக்கெல்லாம் அந்த வீட்ல வாசப்படி வரைக்கும்தான்.”

காருக்கு நடக்கும்போது நான் தாங்கமாட்டாமல் கேட்டேன்: “பெத்த மவன் காரையா கா? எந்த அப்பனாவது செய்வானா?”

“மவனுக்கு என்ன ஆச்சு? ஒரு கீறல்? கொல்ல நெனச்சவன் ரெண்டு விரல் தள்ளி வெட்டியிருப்பான். இவன் தண்ணிக் குழாயத்தான் தேடி வெட்டியிருக்கான். மவன் மேல அவ்வளவு பாசம்.” அந்தப் பாசத்தை அவர் உச்சரித்த விதத்தில் ஒரு வாளி பால் திரிந்திருக்கும்.

* * *

லூயிஸ் துரையின் பங்களா ஈப்போவில், கிளப்புக்குப் பின்னால். என் பழைய மோரிஸ் மைனர் காரை அன்று நான் ஓட்டிய வேகத்துக்குக் கோப்பையே தரலாம். வழியில் ஒரு பீங்கான் லாரி மட்டும் எங்களை முந்தியது. ஒரு சைக்கிளும்தான், ஆனால் அது இறக்கம்.

பின்கட்டில் வேலைக்கார அம்மா இருதயமேரி வெள்ளிச் சாமான்களைப் பரப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கோப்பைகள், லூயிஸ் துரை டென்னிஸில் ஜெயித்தவை, பூக்கண்காட்சியில் ஜெயித்தவை, எதில் என்று யாருக்கும் நினைவில்லாதவை. நான் பாலிஷ் கம்பெனி ஏஜென்ட் என்று ஆரம்பித்தேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டு, “தண்ணி கெடைக்குமா?” என்று கேட்டுக்கொண்டே சமையலறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் இருவரும் எலுமிச்சைத் தோலா, புளியா, டப்பா பாலிஷா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

“இவ்வளவும் நீங்க ஒருத்தரா தேய்க்கிறீங்க?”

“வாராவாரம் வெள்ளிக்கெழம. இந்த வாரம் ஒரு சாமான் கொறைச்சல். ஹால்ல ஒரு கத்தி தொங்கும், பால்வெட்டுக் கத்தி. அத துரை வியாழக்கெழமயே கழட்டிட்டுப் போயிட்டாரு. கண்ணாடிப் பெட்டி செய்யக் குடுத்திருக்கேன்னாரு.”

ஹாலை எட்டிப் பார்த்தோம். ஓரத்து மேசைக்கு மேலே சுவரில் இரண்டு ஆணிகள். அவற்றுக்கிடையே, பழுத்த சுண்ணாம்பில், மூக்கு வளைந்த ஒரு கத்தியின் வெளுத்த நிழல்.

எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது. இருதயமேரி என் முகத்தைப் பார்த்தார், அக்கா முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா? என் பேரு எங்கயும் வராதுல்ல அக்கா? பதினாலு வருஷம் இந்த வீட்டுல. பின்னால அந்த ரூம்புலதான் நானும் பிள்ளைங்களும்...”

“வராது,” என்றார் அக்கா. “நாங்க தண்ணி குடிக்க வந்தோம். குடிச்சாச்சு.”

காரில் ஏறியதும் நான் வெடித்தேன். “சாட்சி கா! கையில கெடைச்ச சாட்சி! அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

“சொன்னா நாளைக்கு ராத்திரி அவளும் பிள்ளைங்களும் எங்க படுப்பாங்க, உன் வீட்டுலயா?”

என் வீட்டில் நான் படுக்கவே இடமில்லை. வாயை மூடிக்கொண்டேன். மைனரும் சிம்பாங் பூலாய் ரோட்டில் ஒருமுறை இருமிவிட்டு மௌனமானது. இறங்கித் தள்ளினேன். தள்ளத் தள்ள, உள்ளே அமர்ந்திருந்த அக்கா தன் வலது கையைக் காற்றில் அசைத்துக்கொண்டிருந்தார், இழுத்து, இழுத்து, ஒரே மாதிரி.

“என்ன கா, ஈ ஓட்டுறீங்களா?”

“மரம் வெட்டுறேன்டா. தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்துல ஏழு வருஷம் வெட்டுன கை. இருபது வருஷமாச்சு. இன்னும் மறக்கல.” கையை நிறுத்தினார். பிறகு மெதுவாக, ஒரு குழந்தைக்குப் பெயர் வைப்பது போல, “அந்த வெட்டு தப்பு,” என்றார்.

“வெட்டே தப்புதான?”

“தள்ளு, தள்ளு. மூணாகப் போவுது.”

* * *

கிழட்டுக் கித்தா மரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். நடுவில் கமிட்டித் தலைவர் லியோங், ஈயச் சுரங்கத் தவுக்கே, அதாவது முதலாளி; தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடியே தமிழ் கற்றவர். எந்த முடிவையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளுவதில் கெட்டிக்காரர். வலப்பக்கம் லூயிஸ் துரை. வேலி ஓரம் பந்தயம் பார்க்க வந்த கூட்டம், பாதிக்குமேல் பழைய டன்மோர்க்காரர்கள். கூட்டத்துக்கு முன்னால் கச்சான் கூடையோடு, வேர்க்கடலை விற்கும் முத்தம்மா.

லூயிஸ் துரை தாளை ஆம்புரோஸ் முன் வைத்தார். “சைன்.”

“ஒரு நிமிஷங்க,” என்றார் அக்கா. குரலில் அப்படியொரு பணிவு. அந்தப் பணிவை எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். “எனக்கு மரத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. தலைவருக்கும் தெரியாது, அவருக்கு ஈயம்தான் தெரியும். பால் வெட்டுற மாதிரி வெட்டியிருக்குன்னு சொல்றீங்க. அது எப்படின்னு கமிட்டிக்குக் காட்டுனா நல்லாருக்கும். இங்க தோட்டம் தெரிஞ்ச பெரியவர் நீங்க ஒருத்தர்தான்.”

ஐயாவு இருமினார்.

“இருபத்திரண்டு வருஷம் லா,” என்றார் லூயிஸ் துரை. “என்கிட்ட கேக்கணும் இதெல்லாம்.” நேரக் கணக்குப் பலகையிலிருந்த சாக்கட்டியை எடுத்து, எழுந்து மரத்துக்குப் போனார். காலுறையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். பட்டைமேல் சர்ரென்று ஒரு கோடு போட்டார். மேலே வலதுபக்கம் தொடங்கி, கீழே இடதுபக்கம் முடித்தார்.

முதலில் ஒரு பொம்பளைச் சிரிப்பு. பிறகு இரண்டு. பிறகு வேலி முழுக்க.

“துரை,” என்றாள் முத்தம்மா, கச்சான் கூடையை இறக்கிவைத்துவிட்டு. “அப்படி வெட்டுனா மரத்துல பால் வராது. கண்ணீர்தான் வரும்.”

அக்காவின் பணிவு போன இடம் தெரியவில்லை. “தலைவரே, எந்த மரத்தையும் மேல எடது பக்கம் ஆரம்பிச்சு, கீழ வலது பக்கம்தான் வெட்டணும். பட்டைக்குள்ள பால் ஓடுற நரம்பு சாஞ்சு ஓடுது. இப்படி வெட்டினாத்தான் நெறைய நரம்பு அறுபடும், பால் சொரக்கும். மாத்தி வெட்டுனவனுக்கு மண்டோர் அன்னிக்கே சீட்டு கிழிச்சிடுவாரு. ஐயாவு அண்ணே, சரியா?”

“ஒரு நாள் விட மாட்டேன்,” என்றார் ஐயாவு.

அக்கா குழாயை எடுத்துச் சாக்கோட்டுக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தார். குழாயில் இருந்த வெட்டும் மேலே வலது, கீழே இடது. சாக்கோடும் அதே. இரட்டைப் பிள்ளைகள்.

லூயிஸ் துரையின் மூளை வேலை செய்தது, அதைச் சொல்லியாக வேண்டும். “தலைகீழா புடிச்சிருக்கே, அம்மா! குழாய திருப்பு. சரியா வரும்.”

அக்கா திருப்பினார். மேலே வலது, கீழே இடது. மறுபடி திருப்பினார். அதேதான். லியோங் வாங்கிப் பார்த்தார். நிமிர்த்தினார், கவிழ்த்தார், சுழற்றினார். என் கைக்கும் வந்தது. நான் ஐந்து முறை திருப்பினேன். அது அசையவில்லை. பொய்யைத் திருப்பிப் போட்டால் வேறு மாதிரி தெரியும். இந்தக் குழாய் மட்டும் எப்படிப் போட்டாலும் ஒரே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“ஆம்புரோஸ், கண்ண மூடிக்கிட்டு இந்த மரத்துல ஒரு கோடு போடு.”

ஆம்புரோஸ் கண்ணை மூடினான். கை தானாகப் போனது. மேலே இடது, கீழே வலது, தென்னை ஈர்க்கை வைத்து அளந்தது மாதிரி. வேலியில் கைதட்டினார்கள்.

நான் அக்காவின் காதில் சொன்னேன், “நானும் தப்பாத்தான் போட்டிருப்பேன் கா.”

“உன்ன யாரும் துரைன்னு கூப்பிடல,” என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்க: “வெட்டுனவன் மரம் வெட்டத் தெரியாத ஆளு. மரம் வெட்டுறவன் மேல பழி போட நெனச்ச ஆளு. தோட்டத்துச் சோத்துல வளந்தும் ஒரு மரத்தக் கூட நிமிந்து பாக்காத ஆளு. கத்தி மொட்டை, ஆனா பாலிஷ் போட்டிருக்கு. சுவத்துல மாட்டுற கத்தி அது. யாருன்னு நான் சொல்லல. லூயிஸ் சார் காலையிலருந்து போலீஸ கூப்பிடணும்கிறாரு. நல்ல யோசனைதான். கூப்பிடுங்க. இங்க இருக்குற பெரிய மனுஷங்க ஒவ்வொருத்தர் ஹாலுக்கும் போய் சுவத்த பாக்கட்டும். எந்தச் சுவத்துல கத்தி காணோமோ, அங்க உக்காந்து டீ குடிக்கட்டும்.”

லூயிஸ் துரையின் கையில் சாக்கட்டி உடைந்தது.

“போலீஸ் எல்லாம்... எதுக்கு லா,” என்றார். “ஸ்போர்ட்ஸ்தானே. நமக்குள்ளயே பேசித் தீத்துக்கலாம்.”

காலையிலிருந்து போலீஸ் போலீஸ் என்று குரைத்த வாய். இருநூறு பேர் அதைக் கேட்டார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. இருதயமேரியின் பெயர் எங்கும் வரவில்லை.

இங்கேயே முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். நாங்கள் தவுக்கே லியோங்கை மறந்துவிட்டோம். அவர் தொண்டையைச் செருமினார்.

“சந்தேகம் வந்திருக்கு. சந்தேகம் இருக்கும்போது முடிவு எடுக்கக் கூடாது. அடுத்த வாரம் பார்க்கலாம். அதுவரைக்கும் ஆம்புரோஸ் எந்தக் காரையும் தொடக் கூடாது. ஜெயபாலன் பாயிண்டும் அதுவரைக்கும் நிறுத்தி வைக்கிறோம்.”

மெக்கானிக்குக்கு வேலை தர வந்திருந்த சிங்கப்பூர் பட்டறைக்காரர் அன்று மாலை ரயிலுக்குக் கிளம்புகிறார். அடுத்த வாரம் என்றால் ஒருபோதும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். லூயிஸ் துரைக்கு மூச்சு திரும்பியது. குற்றவாளியும் கிடையாது, குற்றமற்றவனும் கிடையாது, கோப்பை மட்டும் தானாகக் கைக்கு வருகிறது. கமிட்டி என்பதை யார் கண்டுபிடித்தானோ, அவன் ஒரு துரையாகத்தான் இருந்திருப்பான். ஆம்புரோஸ் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான், அவற்றில் அழுக்கே இல்லை.

அப்போது சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

ரெஜினால்ட் ஏழாம் எண் காரைத் தள்ளிக்கொண்டு வந்தான். தனியாக. தள்ளத் தெரியாமல் தள்ளினான். அவனுடைய வகிடு கலைந்திருந்தது. மேசைக்கு முன்னால், ஆம்புரோஸின் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினான். இருக்கைக்குள்ளிருந்து ஒரு புதுக் குழாயை எடுத்து நீட்டினான்.

“மாட்டணும்,” என்றான். அன்று முழுவதும் அவன் பேசிய முதல் சொல் அதுதான்.

“ரெஜி!” என்றார் லூயிஸ் துரை. “உன் மெக்கானிக் இருக்கான்!”

“இவரு மாட்டட்டும், டேடி.”

“மடையா, அவன்தான் உன் காரை...” லூயிஸ் துரை பாதியில் நின்றார். எல்லோரும் அந்த வாக்கியத்தின் மீதிக்காகக் காத்திருந்தார்கள்.

“ஹால் சுவத்த வெள்ளிக்கெழமயே பாத்தேன்,” என்றான் ரெஜினால்ட். தரையைப் பார்க்கவில்லை. “கேக்க பயந்தேன். தப்பு என் மேலயும்தான்.” தலைவரிடம் திரும்பினான். “அங்கிள், என் காரைத்தானே வெட்டுனது? கம்ப்ளெய்ண்ட் பண்ண வேண்டியது நான். எனக்கு கம்ப்ளெய்ண்ட் இல்ல. இவரு மாட்டுற குழாயோட நான் ஓடுறேன். இவரு மேல சந்தேகம்னா நான் இதுல ஏறுவேனா?”

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான். மூச்சை உள்ளே இழுத்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

தவுக்கே லியோங் சிங்கப்பூர்க்காரரைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், பிஸ்கட் கம்பெனி விளம்பரப் பலகையைப் பார்த்தார். கடைசியாகக் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணிக்கு ரேஸ். எல்லாக் காரும் ஓடும். எல்லாப் பாயிண்டும் இருக்கு. செக்ரட்டரி இன்னிக்கி வீட்டுக்குப் போகலாம்,” என்று சொல்லி, அவர் வாழ்நாளில் முதல் தடவையாக அன்றைய வேலையை அன்றே முடித்தார்.

ஆம்புரோஸ் மண்டியிட்டான். குழாயை மாட்டி, வளையத்தை முறுக்கி, இன்னும் கால் சுற்று முறுக்கினான். மூன்று புள்ளி முன்னால் இருந்த ஜெயபாலன் தன் எதிராளியின் காருக்குத் தண்ணீர் தூக்கிவந்தான். நான் புனல் பிடித்தேன். பாதி என் சட்டைக்குப் போனது.

பந்தயத்தில் ஜெயபாலன் மூன்றாவதாக வந்தான். கோப்பைக்கு அது போதும். சிங்கப்பூர்க்காரர் ஆம்புரோஸின் பெயரை எழுதிக்கொண்டபோது எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார், ஆம்புரோஸ் இரண்டு தடவை சொன்னான்.

ஏழாம் எண் கார் பதினைந்து சுற்றும் ஓடி ஒன்பதாவதாக வந்தது. அந்த மகன் காரோட்டுவதில் மகா மட்டம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கடைசி கார் உள்ளே வந்து அடங்கியபின், கூட்டம் முழுக்க ஜெயபாலனைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, அவன் தடுமாறி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேரே ஆம்புரோஸிடம் போனான். முகமெல்லாம் புழுதி.

“ஒரு சொட்டு ஒழுகல, அண்ணே,” என்றான்.